எலும்புப் புற்றுநோய்ச் செல் வரிசைகள்: வளர்ந்தது எது என்று நிறுவும் வேலை

அறுவைச் சிகிச்சையில் எடுத்த எலும்புக் கட்டியின் ஒரு துண்டை நறுக்கி, சீரம் கலந்த ஊடகத்தில் இட்டு இன்குபேட்டரில் வைத்தால், இரண்டு வாரத்துக்குள் ஃபிளாஸ்க்கின் அடியில் பெரும்பாலும் ஏதோ ஒன்று படர்ந்திருக்கும். அது புற்றுச் செல்தானா என்பது வேறு கேள்வி. கட்டிக்குள் இருந்த நார்த்திசுச் செல்களும் (ஃபைப்ரோபிளாஸ்ட்), எலும்பு மஜ்ஜையின் ஸ்ட்ரோமா (தாங்கு திசு) செல்களும், நோயில்லாத எலும்பாக்கச் செல்களும் பிளாஸ்டிக் பரப்பில் வளர மிகவும் விரும்புபவை. புற்றுச் செல்லுக்கோ அந்தச் சூழல் பெரும்பாலும் ஒத்துவராது. எலும்புப் புற்றில் செல் வரிசை (தட்டில் நிற்காமல் பெருகிக்கொண்டே போகும் செல் கூட்டம்) உருவாக்குவதில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு வளர்ப்பதில் போவதில்லை. வளர்ந்தது எது, யாருடையது, கட்டியின் எந்தக் குணத்தை இன்னும் தக்கவைத்திருக்கிறது என்று நிறுவுவதில்தான் போகிறது.

இன்று ஆஸ்டியோசர்கோமா (எலும்பை உண்டாக்கும் செல்களின் புற்று) ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யூ-2 ஓஎஸ், 1964இல் ஸ்வீடனில் 15 வயதுச் சிறுமியின் கீழ்க்கால் எலும்புக் கட்டியிலிருந்து வந்தது. சாவோஸ்-2, 1973இல் 11 வயதுச் சிறுமியிடமிருந்து. எம்ஜி-63, 14 வயதுச் சிறுவனுடையது. எச்ஓஎஸ், 13 வயதுச் சிறுமியுடையது. நான்கும் ஒரே நோயின் பெயரைத் தாங்கினாலும் நடத்தையில் நான்கு திசை. சாவோஸ்-2இல் புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணு முற்றிலும் இல்லை. அதே காவல் வேலை செய்யும் ஆர்பி1 புரதமும் செயலற்றது. ஆனால் எலும்பாக்கச் செல்லின் நொதியான அல்கலைன் பாஸ்ஃபடேஸ் அதில் ஏராளம், கனிமப் படிவையும் எளிதில் உண்டாக்கும். யூ-2 ஓஎஸ் நேர்மாறு: டிபி53 பழுதில்லாமல் இருக்கிறது, ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் எம்டிஎம்2 புரதத்தின் மிகையால் அடக்கப்பட்டிருக்கிறது, எலும்பாக்கக் குணம் அநேகமாக இல்லை. எம்ஜி-63, எலியில் கட்டியாக வளரத் தயங்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு கணக்குப் பிழையைச் சொல்லியாக வேண்டும். எச்ஓஎஸ், எம்என்என்ஜி-எச்ஓஎஸ், 143பி மூன்றும் ஒரே சிறுமியின் செல்கள். இரண்டாவது வேதிப்பொருளால் மாற்றப்பட்டது. மூன்றாவதில் கிர்ஸ்டன் ராஸ் புற்றுமரபணு புகுத்தப்பட்டிருக்கிறது. “மூன்று ஆஸ்டியோசர்கோமா வரிசைகளில் சோதித்தோம்” என்று எழுதி இந்த மூன்றையும் காட்டினால், சோதித்தது ஒரு நோயாளியைத்தான். போதாததற்கு, 143பி-யை ஓட்டும் ராஸ் மாற்றம் இயல்பான ஆஸ்டியோசர்கோமாவில் அரிது. புது வரிசைகள் தேவைப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மாதிரி: உயிருள்ள திசு எங்கே இருக்கிறது?

ஆஸ்டியோசர்கோமாவுக்கும் யூயிங் சர்கோமாவுக்கும் (சிறாரிடம் அதிகம் வரும் இன்னொரு எலும்புப் புற்று) வழக்கமாக அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுத்துவிடுகிறார்கள். மருந்து நன்றாக வேலை செய்திருந்தால், வெட்டியெடுத்த கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் இறந்த திசுதான். அதை எவ்வளவு கவனமாகப் பதப்படுத்தினாலும் ஃபிளாஸ்க்கில் வளரப்போவது நார்த்திசு. ஆகவே கைக்குக் கிடைக்கும் வரிசைகள் இரண்டு இடங்களிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன: சிகிச்சைக்கு முந்தைய பயாப்ஸி, அல்லது மருந்துக்கு அடங்காத கட்டியும் நுரையீரல் பரவலும். முதலாவதில் கிடைப்பது ஊசி முனையளவு திசு. இரண்டாவதில் அளவு தாராளம், ஆனால் தொடக்கத்திலேயே சாய்வு உண்டு. இந்தச் சாய்வு வரிசையின் வாழ்நாள் முழுதும் தொடரும். எந்த நிலையில் எடுத்தது, அதற்குமுன் எந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதை முதல் நாளே பதிந்து வைக்காவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது.

திசுவைத் தேர்ந்தெடுப்பது நோய்க்குறியியலாளரின் கண்ணால் நடக்க வேண்டும். கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகியோ சுண்ணம் பிடித்தோ இருக்கும். எலும்பைத் துளைத்து வெளியே தசைப்பக்கம் வந்த மென்மையான ஓரம்தான் நல்ல இடம். எடுத்ததைக் குளிர்ந்த ஊடகத்தில் பெனிசிலின் மிலிக்கு 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராம் சேர்த்து, பனிக்கட்டிமேல் வைத்து, அதே நாளில் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஃபார்மலின் படிந்த கிண்ணத்தில் ஒரு நிமிடம் வைத்தாலும் வேலை அங்கேயே முடிந்தது. அதே துண்டின் ஒரு பகுதியை மெழுகுக்கட்டிக்கும், ஒரு பகுதியை உறைநிலைக்கும் ஒதுக்குங்கள். நோயாளியின் இரத்தத்தையும் சில மிலி வாங்கி வையுங்கள். இரத்தத்தை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். இரண்டு ஆண்டு கழித்து வரிசை நன்றாக வளர்ந்த பிறகு, ஒப்பிட இயல்பான டிஎன்ஏ இல்லாமல் திண்டாடுவது இதனால்தான். ஒப்புதல் படிவமும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. நோயாளிகளில் பலர் சிறார் என்பதால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். செல்கள் வரையறையின்றி வளரும், பிற ஆய்வகங்களுக்குப் பகிரப்படும், மரபணு விவரம் வெளியாகலாம் என்பவை அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

பிரித்தெடுத்தல்

ஒவ்வொரு எலும்புப் புற்றும் தன் கட்டமைப்புக்கேற்ற வழியைக் கேட்கிறது. பொதுவான படிகள் இவை: பாஸ்ஃபேட் கரைசலில் மூன்று முறை கழுவுதல், கொழுப்பையும் இரத்தக் கட்டிகளையும் நீக்குதல், 1 முதல் 2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குதல், மிலிக்கு 1 முதல் 2 மிகி கொலாஜினேஸில் 37 டிகிரியில் மெதுவாக ஆட்டியபடி வைத்தல், 70 அல்லது 100 மைக்ரான் வலையில் வடித்தல், சிவப்பணுக்களை அம்மோனியம் குளோரைடு கரைசலால் உடைத்தல். கொலாஜினேஸ் வேலை செய்யக் கால்சியம் தேவை. கழுவும் கரைசலில் இடிடிஏ மிச்சமிருந்தால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நொதி இருந்தும் திசு கரையாது. “நொதி பழசாகிவிட்டது” என்று குற்றம்சாட்டப்படும் பல நேரங்களில் உண்மைக் காரணம் இதுவே. செல்கள் பிசின்போல் ஒட்டிக் கட்டிகளாகத் திரண்டால், இறந்த செல்களிலிருந்து டிஎன்ஏ கசிந்திருக்கிறது. சிறிது டிஎன்ஏஸ் சேர்த்தால் இளகிவிடும்.

எலும்பு அதிகம் படிந்த ஆஸ்டியோசர்கோமாவில் நொதி உள்ளே போகாது. அமிலத்தால் சுண்ணத்தை நீக்குவது செல்லைக் கொல்லும் என்பதால் அந்த வழி அடைபட்டது. அங்கே துண்டு ஒட்டும் முறைதான் கைகொடுக்கும்: சிறு துண்டுகளைத் தட்டில் பரப்பி, மூழ்கிவிடாதபடி மிகக் குறைந்த ஊடகம் விட்டு, அவை தளத்தில் ஒட்டிய பிறகு மெல்ல நிரப்புவது. சில நாட்களுக்குப் பிறகு துண்டின் விளிம்பிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளிவரும். முதல் மூன்று நாள் தட்டை அசைக்காமல் விடுவது அவசியம். ஆவலாக எடுத்து எடுத்துப் பார்த்தால் ஒட்டியதும் பெயர்ந்துவிடும்.

குருத்தெலும்பை உண்டாக்கும் புற்றான காண்ட்ரோசர்கோமாவின் பசையைக் கரைக்கக் கொலாஜினேஸில் ஓர் இரவு ஆகும். யூயிங் சர்கோமா மென்மையானது, பெரும்பாலும் நறுக்கி அழுத்தினாலே செல்கள் உதிரும். ஆனால் அதில் வேறொரு பொறி. யூயிங் செல்கள் தளர்வாக ஒட்டும், சில மிதக்கும் கொத்துகளாகவே வளரும். மறுநாள் ஊடகம் மாற்றும்போது “ஒட்டாதவை இறந்தவை” என்று எடுத்து ஊற்றினால், குப்பைக்குப் போவது புற்று, தட்டில் தங்குவது நார்த்திசு. மிதப்பவற்றை மெதுவாகச் சுழற்றிப் படியவைத்துப் புதுத் தட்டில் போடுவதே பாதுகாப்பு. கார்டோமாவோ (முதுகெலும்பிலும் மண்டையோட்டின் அடியிலும் வரும் புற்று) பொறுமையைச் சோதிப்பது: ஜெலட்டின் அல்லது கொலாஜன் பூசிய பரப்பு வேண்டும், ஒருமுறை இரட்டிக்கவே ஒரு வாரம் போல எடுத்துக்கொள்ளும், நான்கு பங்கு ஐஎம்டிஎம் ஊடகத்துக்கு ஒரு பங்கு ஆர்பிஎம்ஐ கலந்து வளர்ப்பது வழக்கம். இதை ஆஸ்டியோசர்கோமா போல 1:8 பிரித்தால் (ஒரு தட்டை எட்டாகப் பகிர்ந்தால்) மீளாது. 1:2, அதற்குமேல் வேண்டாம்.

ஃபைப்ரோபிளாஸ்ட்களை விரட்டுதல்

0.05 சதவீத டிரிப்சினில் நார்த்திசுச் செல்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் முதலில் கழன்றுவிடும்; அவற்றை வடித்துவிட்டு, எஞ்சியதைத் தனியே எடுப்பது பழைய உத்தி, இன்றும் பயன்படுகிறது. நுண்ணோக்கியின்கீழ் நார்த்திசுத் திட்டுகளைச் சுரண்டி எடுப்பதும் உண்டு. ஆனால் ஆஸ்டியோசர்கோமாச் செல்லே பல நேரம் கதிர்வடிவில், ஃபைப்ரோபிளாஸ்ட் போலவே தோன்றும். கண்ணை நம்பி எது புற்று என்று சொல்ல முடியாது. கட்டியை முதலில் நோயெதிர்ப்புக் குறைந்த எலியில் வளர்த்து, பிறகு தட்டுக்குக் கொண்டுவருவது மனித நார்த்திசுவை ஒழிக்கும் நல்ல வழி. அதற்கு விலை: எலியின் நார்த்திசு கூடவே வரும். மனித, எலி டிஎன்ஏ-வைப் பிரித்தறியும் பிசிஆர் சோதனை இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

கடைசியில் காலம்தான் பெரிய சல்லடை. இயல்பான மனித ஃபைப்ரோபிளாஸ்ட் ஏறத்தாழ 50 இரட்டிப்புகளுக்குள் முதுமை எய்தி நின்றுவிடும். 1961இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டிய எல்லை இது. அதைத் தாண்டியும் நிற்காமல் வளர்வதை வரிசை என்கிறோம். இங்கே பாசேஜ் எண்ணை (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றிய தடவைகளை) இரட்டிப்பு எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1:2 பிரிப்பு ஓர் இரட்டிப்பு, 1:8 பிரிப்பு மூன்று. ஒவ்வொரு முறையும் அறுவடை செய்த செல் எண்ணிக்கையை விதைத்ததால் வகுத்து, அதன் பத்தடிமான மடக்கையை 3.32ஆல் பெருக்கினால் இரட்டிப்பு எண் வரும். இரண்டு ஆய்வகங்களின் “பாசேஜ் 40” ஒன்றல்ல.

இந்தக் காலத்தில் உறைய வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில பாசேஜ்களிலேயே, மிலிக்கு 10 முதல் 20 லட்சம் செல்கள், உறைவில் செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் இறக்கி மைனஸ் 80, பிறகு திரவ நைட்ரஜன். ஒரு குப்பியை உருக்கிப் பார்த்து, வளர்கிறதா என்று அறிந்த பிறகே அந்தத் தொகுதியைக் கையிருப்பு என்று கணக்கில் வைக்கலாம்.

செல் வளர்ப்பில் தொற்றும் நுண்ணுயிரியான மைக்கோபிளாஸ்மா பற்றி ஒரு பத்தி போதும், ஏனெனில் விதி எளிது. அதற்குச் செல் சுவர் இல்லாததால் பெனிசிலின் தொடாது, ஊடகம் கலங்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் சில நுழைந்துவிடும். தொற்றிய செல் மெதுவாக வளரும், மருந்துக்கு வேறுவிதமாக நடக்கும், மரபணு வெளிப்பாடே மாறும். பிசிஆர் சோதனையை மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு உறைய வைப்புக்கு முன்பும் செய்யுங்கள். சோதனைக்கு முந்தைய சில நாட்கள் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்ப்பது நல்லது.

யாருடையது? எது?

முதல் கேள்விக்கு எஸ்டிஆர் சோதனை பதில் சொல்கிறது. டிஎன்ஏவில் குறுந்தொடர்கள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்பதைப் பல இடங்களில் எண்ணி, நோயாளியின் இரத்தத்தோடும் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள ஆயிரக்கணக்கான வரிசைகளோடும் ஒப்பிடுகிறார்கள். கணக்கு இப்படி: பொதுவான அலீல்களின் (அந்தந்த இடத்தில் காணும் வடிவங்களின்) எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரு பக்கத்து அலீல்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இரத்தத்தில் 26 அலீல், வரிசையில் 22, அந்த 22உம் பொது என்றால் 44 வகுத்தல் 48, அதாவது ஏறத்தாழ 92 சதவீதம். 80 சதவீதமும் மேலும் என்றால் ஒரே ஆளிலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள்.

விடுபட்ட அந்த நான்கு அலீல்கள் எங்கே போயின? கட்டி குரோமோசோம் துண்டுகளை இழக்கிறது, அதனுடன் அலீலும் போகிறது. ஆஸ்டியோசர்கோமாவின் குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டியவை என்பதால் இந்த இழப்பு எதிர்பார்க்கத்தக்கது. அதனால் ஒரு விசித்திர நிலை: புது ஆஸ்டியோசர்கோமா வரிசை இரத்தத்தோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போனால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் நூறுதான் காட்டும். எஸ்டிஆர் ஆளைச் சொல்லும், நோயைச் சொல்லாது.

நோயைச் சொல்லும் வேலை கட்டிக்குக் கட்டி மாறுகிறது. யூயிங் சர்கோமாவில் சுலபம்: பெரும்பான்மைக் கட்டிகளில் ஈடபிள்யூஎஸ்ஆர்1–எஃப்எல்ஐ1 இணைவு மரபணு இருக்கும், ஆர்என்ஏ-விலிருந்து பிசிஆர் செய்து இணைவுப் புள்ளியை வரிசைப்படுத்தினால் முடிந்தது. செல் பரப்புப் புரதமான சிடி99இன் நிறமேற்றம் துணைச் சான்று மட்டும், தனியாக அது எதையும் நிறுவாது. இந்த இணைவுதான் ஏ-673 வரிசையின் அடையாளத்தையும் திருத்தியது. அது நெடுங்காலம் தசைப் புற்றாக, அதாவது ராப்டோமயோசர்கோமாவாக, பட்டியலிடப்பட்டிருந்தது. காண்ட்ரோசர்கோமாவில் ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் ஐடிஎச்1 அல்லது ஐடிஎச்2 மாற்றம் உண்டு. மூலக் கட்டியில் அது இருந்தால் வரிசையிலும் இருக்க வேண்டும். எஸ்டபிள்யூ1353 வரிசையில் ஐடிஎச்2 மாற்றம் இருக்கிறது. கார்டோமாவுக்குப் பிராக்கியூரி புரதம். கார்டோமா என்ற பெயரில் ஆய்வகங்களுக்கிடையே சுற்றிவந்த சில வரிசைகளை 2010இல் மூலக்கூறு அளவில் சோதித்தபோது அவை கார்டோமாவே அல்ல என்று தெரிந்தது. ராட்சதச் செல் கட்டியில் எச்3எஃப்3ஏ மரபணுவின் 34ஆம் இட மாற்றம், அதுவும் ராட்சதச் செல்லில் அல்ல, அதைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமாச் செல்லில்.

ஆஸ்டியோசர்கோமாவுக்கு இப்படி ஒற்றை முத்திரை இல்லை. அல்கலைன் பாஸ்ஃபடேஸ், ரன்எக்ஸ்2, ஆஸ்டியோகால்சின், எஸ்ஏடிபி2 எல்லாம் எலும்பாக்கச் செல் என்று மட்டுமே சொல்லும். நோயில்லாத எலும்பாக்கச் செல்லும் அவற்றைக் காட்டும். எனவே சான்றுகளை அடுக்க வேண்டியிருக்கிறது. குறைந்த ஆழ முழுமரபணு வரிசைப்படுத்தலில் வரும் பிரதி எண்ணிக்கை வரைபடம் (எந்தக் குரோமோசோம் பகுதி கூடியது, எது குறைந்தது என்ற படம்), உறைந்த மூலக் கட்டியின் வரைபடத்தோடு முகடுக்கு முகடு பொருந்துவதுதான் எல்லாவற்றிலும் வலிமையானது. அடுத்தது டிபி53. இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஆஸ்டியோசர்கோமாவில் உடைவு பெரும்பாலும் முதல் இன்ட்ரானில் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதியில்) நடக்கிறது. எக்சான்களை (குறியீட்டுப் பகுதிகளை) மட்டும் வரிசைப்படுத்தினால் “பழுதில்லை” என்று அறிக்கை வரும், செல்லிலோ புரதமே இருக்காது. எம்டிஎம்2-வின் பிடியிலிருந்து பி53 புரதத்தை விடுவிக்கும் நட்லின்-3 கொடுத்து, அது தூண்டும் பி21 புரதம் ஏறுகிறதா என்று பார்ப்பது இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் மலிவான சோதனை. ஏறினால் டிபி53 வேலை செய்கிறது. குரோமோசோம் நுனியான டெலோமியரையும் பாருங்கள்: ஆஸ்டியோசர்கோமாக்களில் பல டெலோமரேஸ் நொதி இல்லாமல் மாற்று வழியில் டெலோமியரை நீட்டுகின்றன, யூ-2 ஓஎஸ்ஸும் சாவோஸ்-2உம் உட்பட. நோயில்லாத எலும்பாக்கச் செல் அந்த வழியில் போவதில்லை.

எலும்பு உண்டாக்குகிறதா?

கனிமப் படிவுச் சோதனை எல்லாக் கட்டுரைகளிலும் வருவது, அதே அளவுக்குத் தவறாகப் படிக்கப்படுவது. அஸ்கார்பிக் அமிலம் மிலிக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா-கிளிசரோபாஸ்ஃபேட் 10 மில்லிமோலார், சில நேரம் டெக்ஸாமெத்தசோன். 14 முதல் 21 நாள். பிறகு கால்சியத்தைக் காட்டும் சாயமான அலிசரின் சிவப்பு. அல்கலைன் பாஸ்ஃபடேஸ் மிகுந்த செல், கிளிசரோபாஸ்ஃபேட்டை உடைத்து ஊடகத்தில் பாஸ்ஃபேட்டைக் குவிக்கும். அது கால்சியத்தோடு சேர்ந்து கொலாஜன் நாரே இல்லாத இடத்திலும், இறந்த செல்மீதும் படியும். சிவப்பு தெரிந்ததும் எலும்பு என்று எழுதிவிடுகிறார்கள். செல் இல்லாத கிணறு (தட்டின் சிறு குழி), கிளிசரோபாஸ்ஃபேட் இல்லாத கிணறு, இறப்பு விகிதம் மூன்றையும் அருகருகே காட்டாத படத்துக்கு மதிப்பு குறைவு. வான் கோசா நிறமேற்றம் பிடிப்பது பாஸ்ஃபேட்டை, கால்சியத்தை அல்ல.

எலிச் சோதனையில் தோலடியில் 10 லட்சம் முதல் ஒரு கோடி செல்கள் வரை செலுத்துவது வழக்கம்; கீழ்க்கால் எலும்புக்குள் என்றால் 10 மைக்ரோலிட்டர் அளவே கொள்ளும். அதற்கு மேலோ வேகமாகவோ அழுத்தினால், செல்கள் மஜ்ஜையின் சிரைகள் வழியே அப்போதே நுரையீரலுக்குப் போய் ஒதுங்கும். பல வாரம் கழித்து அங்கே காணும் முடிச்சுகளைப் பரவல் என்று எண்ணினால், எண்ணியது ஊசியின் அழுத்தத்தை. வளர்ந்த கட்டியை வெட்டி நோய்க்குறியியலாளரிடம் காட்டி, மூலக் கட்டியின் கண்ணாடித் தகடோடு ஒப்பிடுவதையும் விடக் கூடாது.

மருந்துச் சோதனையில் ஊடகத்தின் பங்கு

வரிசை தயாரானதும் எல்லோரும் முதலில் செய்வது மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றையும் கொடுத்துப் பார்ப்பது. ஆஸ்டியோசர்கோமாவின் நிலையான கூட்டு மருந்துகள் இவை. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யவில்லை என்று முடிவு வந்தால், செல்லைக் குறைசொல்லும் முன் ஊடகத்தின் சூத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அந்த மருந்து ஃபோலேட் பாதையை அடைத்து, தைமிடினும் பியூரினும் உருவாகாமல் தடுக்கிறது. எஃப்12 ஊடகத்தில் ஹைப்போசாந்தைனும் தைமிடினும் ஏற்கெனவே கரைந்திருக்கின்றன. நியூக்ளியோசைடு சேர்த்த ஆல்ஃபா எம்இஎம்மும் அப்படியே. சீரத்திலும் ஓரளவு இருக்கும். செல்லுக்குத் தேவையானது தட்டிலேயே பரிமாறப்பட்டிருக்கும்போது அடைப்பால் என்ன ஆகும்? இவை இல்லாத ஊடகமும் டயாலிசிஸ் செய்த சீரமும் வைத்துத் திரும்பச் செய்தால் அதே செல் வேறு பதில் சொல்லக்கூடும்.

வளர்ச்சி வேகமும் இதே வகை ஏமாற்று. வழக்கமான சோதனை 72 மணி நேரம். ஒரு நாளில் இரட்டிக்கும் வரிசை அதற்குள் மூன்று முறை பிரிந்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கார்டோமா ஒருமுறைகூடப் பிரிந்திருக்காது. பிரியும் செல்லைக் குறிவைக்கும் மருந்தை இரண்டுக்கும் ஒரே கடிகாரத்தில் கொடுத்துவிட்டு, இரண்டாவதை எதிர்ப்பாற்றல் உள்ளது என்று பட்டியலிடுவது நடந்துகொண்டே இருக்கிறது. மருந்து சேர்க்கும் நேரத்தில் ஒரு தட்டை எடுத்துச் செல்களை எண்ணி வைத்துக்கொண்டால், முடிவை வளர்ச்சி வேகத்துக்கு ஈடுகட்டிக் கணக்கிடலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு 96 கிணற்றுத் தட்டு.